ஓக் வங்கு ஒருவழியாக வளைந்தது

என் பழைய படகில் விரிசல் விட்ட வங்குகளை, அதாவது பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா மரங்களை, புது ஓக் மரத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஏழு வங்கு உடைந்த பிறகு, எட்டாவது சத்தமே இல்லாமல் வளைந்து பலகையோடு ஒட்டி உட்கார்ந்தது. சனிக்கிழமை இருட்டுவதற்குள் மாற்ற வேண்டிய பதினொன்றையும் மாற்றிவிட்டோம். ஜூலையில் இங்கிலாந்தின் ஹென்லியில் நடக்கும் தேம்ஸ் பாரம்பரியப் படகு விழாவுக்கு என் ஸ்கிஃப் (துடுப்புப் படகு) போய்ச் சேரும் என்று இப்போதுதான் நம்புகிறேன்.

24 அடிப் படகு. மஹோகனிப் பலகைகள் அப்படியே திடமாக இருக்கின்றன, வங்குகள்தான் நடுவில் விரிசல் விட்டிருந்தன. புது வங்கை ஆவிப் பெட்டியில் வைத்து இளக்கித்தான் வளைக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது படகு வேலை செய்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. என்னுடையது முக்கால் அங்குல அகலம், முக்கால் அங்குலத்தில் பாதிக் கனம். இருபத்தைந்து நிமிடம் வைத்தேன், உடைந்தது. நாற்பது வைத்தேன், அதுவும் உடைந்தது. பெட்டியில் ஆவி கசிகிறதோ என்று மூலைகளையெல்லாம் துணி வைத்து அடைத்தேன்.

கோளாறு மரத்தில் இருந்திருக்கிறது. ஆற்றோரப் பட்டறையில் படகு கட்டும் பெரியவர் ஒருவர் உடைந்த துண்டை ஒடித்துப் பார்த்துவிட்டு, சூளையில் உலர்த்திய ஓக் என்றார். சூளையில் ஒருமுறை இறுகிய ஓக், ஆவியில் சரியாக இளகாது. காற்றில் உலர்த்தியது என்று சொல்லித்தான் கடைக்காரர் எனக்கு விற்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிறகு ஈரம் காயாத பச்சை ஓக் வாங்கி, நார் ஓரத்தில் வெட்டுப்படாமல் நீளவாக்கில் நேராக ஓடும் துண்டுகளாகப் பார்த்து எடுத்தேன். பெட்டியிலிருந்து எடுத்த பத்துப் பதினைந்து நொடிக்குள் வளைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ரிவெட், அதாவது பலகையையும் வங்கையும் செப்பு ஆணியால் சேர்த்து, ஆணியின் நுனியைத் தட்டி இறுக்குவது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. மகன் படகுக்கு அடியில் படுத்து, செப்பு ஆணியின் தலையில் டாலி என்ற கனத்த இரும்புக் கட்டையை அழுத்திக்கொள்வான். "அப்பா, பிடிச்சிட்டேன்" என்று குரல் வந்ததும் நான் உள்ளே ஆணி நுனியில் ரோவை (துளையுள்ள சின்னச் செப்பு வில்லை) இறக்கி, மிச்ச ஆணியை நறுக்கி, சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால் தட்டுவேன். பலமாக அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே நெளிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, ஆனால் நாளடைவில் தளர்ந்துவிடும். மெதுவாகப் பல தட்டு தட்ட வேண்டும். மொத்தையான சத்தம் கணீரென்று மாறும்போது நிறுத்திவிடலாம்.

ஆணியையும் ரோவையும் ஒரே கடையில் வாங்குங்கள். நான் இரண்டு இடத்தில் வாங்கினேன், ரோவின் துளை பெரிதாகி அரைக் கிலோ வீணானது. இரும்பு ஆணியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதை அரித்து மரத்தையும் கறுப்பாக்கிவிடும்.

உட்காரும் பலகைக்கு, கழித்துக்கட்டிய பழைய மஹோகனி மேசை ஒன்று கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு வளையம் போட்டுக் கேன்வாஸ் கூரை கட்டி, தேம்ஸின் மேல்பகுதியில் உள்ள லெச்லேட் ஊர் வரை படகிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டு போக ஆசை. அளவுகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் வார்னிஷ் இருக்கிறது. போன முறை விழாவில், 1940இல் போரின்போது படைவீரர்களை மீட்க பிரான்சின் டன்கர்க்குக்குப் போய்வந்த சிறு படகுகளைப் பார்த்தேன். அவற்றின் பக்கப் பலகையில் ஆற்றுத் தண்ணீர் அசைவது தெரிந்தது. எனக்கும் அந்தப் பளபளப்பு வேண்டும், ஏழு பூச்சாவது அடிப்பேன். பழைய வார்னிஷைச் சுரண்டும் வேலை இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. பலகைகள் உப்பி இடுக்குகள் அடைபட, விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உள்ளே ஈரச்சாக்கு போட்டு அவற்றை ஊறவைக்க வேண்டும். நல்ல சணல் சாக்கு ரெடிங் பக்கம் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.