ஸ்டார்ம் காரைப் பிறந்த ஊருக்கு ஓட்டிப் போகத் தயார் செய்த கதை

பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பில், ஓலைக் கொட்டகைக்குள் ஆறு வருடம் அசையாமல் நின்ற வண்டி. சான் ஸ்டார்ம், 1999 மாடல். ரெண்டே சீட், துணிக்கூரை, ஃபைபர் உடம்பு. பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் "ஃபாரின் வண்டிங்களா?" என்றுதான் கேட்பார்கள். கோவாவில் செய்தது என்றால் நம்புகிற ஆள் குறைவு. உள்ளே இருப்பது ரெனோவின் 1149 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறன். இன்றைக்கு வாடகைக்கு ஓடுகிற கார்கூட இதை முந்திவிடும். ஆனால் கூரையை மடித்துவிட்டு உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்குப் பக்கத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் வாங்கினேன்.

வாங்கிய அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன், ஒரு தடவையாவது இதை அது பிறந்த ஊருக்கு ஓட்டிப் போக வேண்டும் என்று. கோவையிலிருந்து சத்தி, திம்பம், மைசூர், மங்களூர், கார்வார் வழியாக 800 கிலோமீட்டருக்கு மேல். 2024 டிசம்பரில் கிளம்புவதென்று வைத்துக்கொண்டு ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்தோம்.

'தோம்' என்றது நானும் சிங்காநல்லூர் மெக்கானிக் அண்ணனும். சின்ன வயதில் சோழவரம் ரேஸுக்கு டூல் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போனவர். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் என்றால் இப்போதும் பட்டறைக்கு லீவு விட்டுவிடுவார். வண்டியைச் சுற்றி வந்தார், பானெட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து டயரைத்தான் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இதுல கோவாவுக்கா போறீங்?"

"ஏனுங்ணா, பட்டன் நல்லாத்தானே இருக்குதுங்?"

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். அதைக் காட்டினார்: 3514. முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருடம். 2014-ல் 35-வது வாரம் செய்த டயர், பத்து வயது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பழைய செருப்பு மாதிரி கல்லாகிக் கிடந்தது. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடுபள்ளம், தேயாததற்குக் காரணம் வண்டி ஓடாததுதான். நாலும் மாற்றினோம். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள், பல வண்டிகளில் அதுதான் எல்லாவற்றையும்விட மூத்தது.

எஞ்சின்தான் செலவு வைக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அது அதிகம் படுத்தவில்லை. ட்விங்கோ என்று ஐரோப்பாவில் ஓடுகிற சின்ன ரெனோவிலும் இதே எஞ்சின் குடும்பம் என்பதால், ஜெர்மனியில் இருக்கிற மச்சான் தீபாவளிக்கு வந்தபோது எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்தார். அத்தைக்கு வாங்கிய சாக்லேட்டைவிட அதுதான் கனமாம். பழைய பெல்ட் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத பெல்ட் என்றால் கழற்றிவிட வேண்டியதுதான். அந்தப் பக்கத்தைப் பிரித்த கையோடு பம்ப்பையும் மாற்றிவிடுவது நல்லது, ரெண்டாவது தடவை பிரிக்கிற கூலி மிச்சம்.

கியர் லிவருக்குக் கீழே புஷ் என்கிற சின்ன வளையம் ஒன்று தேய்ந்து, மூன்றாவது கியர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் ரெண்டு நாள் சுற்றியும் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குத் தேய்ந்ததையே எடுத்துப் போனேன். வெர்னியரை வைத்து அளந்தார், தேய்மானத்துக்கு இவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டார், நைலான் கம்பியில் ஒரு மணி நேரத்தில் கடைந்து கையில் கொடுத்துவிட்டார். பம்ப்செட் ஊரில் பழைய கார் வைத்திருப்பதில் இது ஒரு சௌகரியம்.

அடுத்தது ரப்பர். பெட்ரோல் ஹோஸை அண்ணன் விரலால் வளைத்துக் காட்டினார், மேலெல்லாம் மயிரிழை மயிரிழையாக விரிசல். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1999-ல் போட்ட ரப்பர் அதை நினைத்துச் செய்ததில்லை, ஊறிப்போய் மெத்தென்று ஆகிவிடும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை மொத்தமும் மாற்றினோம். இதில் நான் ஒரு தப்பு செய்தேன். கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று மட்டும் கேட்டு மீட்டர் கணக்கில் வாங்கி வந்துவிட்டேன். அண்ணன் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். அது கார்புரேட்டர் வண்டிக்கானது. நம்முடையது பெட்ரோலை அழுத்திப் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் வண்டி. இதில் லைனில் பிரஷர் பல மடங்கு, சாதா ஹோஸ் போட்டால் வெடித்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். கேட்டு வாங்கும்போதே இன்ஜெக்ஷனுக்கு என்று சொல்லிவிடுங்கள், கிளாம்ப்பும் சேர்த்து. டேங்கின் அடியில் ஆறு வருடக் கசடு இருந்தது. கழுவினோம், ஃபில்டரை மாற்றினோம், 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவையும் மாற்றினோம்.

பிரேக் ஆயிலைத் திறந்தால் கருப்பட்டிக் காப்பி நிறம். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியது மலை இறக்கத்தில் கொதித்துவிட்டால் பெடல் தரை வரைக்கும் போகும். முழுக்க இறக்கிப் புதிதாக விட்டோம். நின்றே கிடந்ததில் முன்பக்கம் பிரேக் கட்டையை அழுத்துகிற காலிபர் ஒன்றும் ஒட்டிப்போயிருந்தது, அதையும் பிரித்துச் சுத்தம் செய்தோம்.

இத்தனைக்கும் மேலே எங்களைப் படுத்தி எடுத்தது கரண்ட். பிரேக்கை மிதித்தால் ஒரு பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக மினுங்கும். நான் பல்பை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன். அண்ணன் ஒரு வயரை எடுத்தார், ஒரு முனையை பேட்டரி மைனஸில் கடித்துவிட்டு மறுமுனையை டெயில் லைட் ஹோல்டரில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"லைட்டுல கோளாறு இல்லீங் தம்பி. எர்த்து வாறதில்லீங்."

தகரக் கார் என்றால் உடம்பே எர்த்து. பல்புக்குப் போன கரண்ட் உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபரில் கரண்ட் ஓடாது. ஒவ்வொரு லைட்டுக்கும், மோட்டாருக்கும் தனித்தனியாகக் கறுப்பு வயர் இழுத்து அடியிலிருக்கிற இரும்பு ஃபிரேமில் போல்ட் போட்டிருப்பார்கள். அந்த போல்ட்டில் துரு ஏறினால் கரண்ட் திரும்ப வேறு வழி தேடும், பக்கத்து இண்டிகேட்டருக்குள் புகுந்து போகும். ஒவ்வொரு போல்ட்டாகத் தேடிப்பிடித்து, சாக்பீஸில் நம்பர் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, வயர் முனைக்குப் புது லக் அடித்து, கிரீஸ் தடவினோம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. பதினொன்று கிடைத்தது. எல்லாம் அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

பேப்பர் வேலை சிக்கலில்லை. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் அதற்கு 5000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள், நான் கட்டியபோதும் அதுதான். அதை வருட ஆரம்பத்திலேயே முடித்திருந்தேன். துணிக்கூரையின் கிழிசலைக் குஷன் கடையில் தைத்தேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் திம்பம் வரை ஏறிப் பார்த்துவிட்டு வருவோம் என்றார் அண்ணன். நான் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். பண்ணாரி அம்மன் கோயிலில் புற்றுமண் பிரசாதம் வாங்கிக்கொண்டு ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் ஒரு லாரி முன்னால் மாட்டியது, அதன் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். டெம்பரேச்சர் முள் மெல்ல நகர்ந்து சிவப்பைத் தொடப் போனது. ரேடியேட்டர் ஃபேன் சத்தமே இல்லை. ஓரங்கட்டி, ஆறவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்ட அண்ணன் சிரித்தார். பன்னிரண்டாவது எர்த்து போல்ட், ரேடியேட்டருக்குப் பின்னால், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். கீச்செயினில் இருந்த அரத்தால் அங்கேயே தேய்த்து முடுக்கினார். ஃபேன் ஓடியது. சிங்காநல்லூர் டிராஃபிக்கில் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

இரவில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள், புலிகள் காப்பகம். அதனால் டிசம்பரில் விடியலில் போய் பண்ணாரி செக்போஸ்டில் வரிசையில் நின்றோம். டிக்கியில் பாதி இடம் ஹோஸ், ஃபியூஸ், ரிலே, கூலண்ட், டூல்ஸ். மனைவியின் பை அவர் மடியில். ஆசனூர் தாண்டும்போது கரும்பு லாரிக்காக ரோட்டோரம் யானை காத்து நிற்குமோ என்று அவர் பார்த்துக்கொண்டே வந்தார், அன்றைக்கு வரவில்லை.

மூன்று நாளில் கோவா. வழியில் எஞ்சின், பிரேக், லைட் எதுவும் தொந்தரவு தரவில்லை. கார்வாருக்குக் கொஞ்சம் முன்னால் பருவம் தப்பிய மழை ஒன்று பிடித்தது, வைப்பரைப் போட்டேன். ரெண்டு இழுப்பில் ரப்பர் பிய்ந்து நூலாகத் தொங்கியது. வண்டியில் அத்தனை ரப்பரையும் மாற்றினோம், இதை மட்டும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் கூரைக்கடியில் நிறுத்தி அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அதுக்கு நானென்னங் பண்றது, மழ நிக்கட்டுமுங்" என்றார்.