60 ஹெர்ட்ஸ்

கடப்பாரையால் மரப்பெட்டியின் கடைசிப் பலகையைப் பெயர்த்ததும் முதலில் வந்தது துரு வாசனைதான்.

சீனாவிலிருந்து வந்த, இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின். போட்டோவில் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மாமா மோட்டார் தகட்டைத் துணியால் துடைத்தார். 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 60 துடிப்புள்ள கரண்டுக்கானது. நம்ம கரண்ட் 50. நிமிஷத்துக்கு 1800 சுற்று சுற்ற வேண்டிய மோட்டார் 1500-தான் சுற்றும்.

“இதக் கேக்கலீங்களா மாப்ளே?”

கேட்டேனே! ‘நோ ப்ராப்ளம் சார்’ என்றார்கள். முன்பணம் 30 சதவீதம், மீதி 70 கப்பல் ஏறுமுன்பே போய்விட்டது, இப்போது மெசேஜ் போட்டால் நீல டிக் மட்டும்தான் விழுகிறது. திருப்பி அனுப்பலாம்தான், அந்த இரும்புக்குக் கப்பல் வாடகை யார் கொடுப்பது?

இங்கே கோயம்புத்தூரிலேயே வாங்கியிருந்தால் (விலை கூடத்தான்) சாயங்காலமே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

கரண்டை 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தரும் டிரைவ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அதற்குத் தனிச் செலவு.

மாமா ஒன்றும் சொல்லாமல் மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.