கத்திரிக்கோல் வச்சு கெடுத்த கதை – ஹைலேண்ட் போனி ஷோல என் முதல் நாள்

போன ஜூலைல ஸ்காட்லாந்துல ஹைலேண்ட் போனிங்களுக்கு மட்டும் நடக்கிற ஒரு ஷோல, அரை டன் எடையுள்ள ஒரு மட்டக்குதிரைய கைல புடிச்சுக்கிட்டு நானும் ரிங்குக்குள்ள ஓடினேன். பந்தயம் இல்ல, குதிரையோட உடம்பையும் நடையையும் பாத்து நடுவர் வரிசைப்படுத்துற போட்டி. அஞ்சு குதிரைல நாலாவது. பரிசா குடுத்த பச்சை ரொசெட், அதான் ரிப்பன் பூ, இன்னும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு.

நான் இங்க பெர்த்ஷயர்ல ஒரு கேர் ஹோம்ல வேலை பாக்குறேன், வந்து ஆறு வருஷம் ஆச்சு. பக்கத்துப் பண்ணைல ஒரு பாட்டி, வயசு 74, நாலு ஹைலேண்ட் போனி வச்சிருக்காங்க. சும்மா வேலி ஓரம் நின்னு பாத்துட்டு இருந்தவள கூப்பிட்டு சாணி அள்ள விட்டாங்க, அப்படியே பழகிடுச்சு. போன வருஷம் அவங்களுக்கு முழங்கால் ஆபரேஷன், ஓட முடியாது, "மோராக்க நீயே கூட்டிட்டுப் போ"ன்னு சொல்லிட்டாங்க. மோராக் எட்டு வயசு பெண் குதிரை, எலி நிறம், இவங்க மவுஸ் டன்னு சொல்வாங்க.

டன்னுன்னா இங்க எடை இல்ல, நிறம். எலி நிறம், மஞ்சள், க்ரீம்னு அதுலயே பல வகை. நம்ம ஊர்ல மாட்டப் பாத்து மயிலை, செவலை, காரின்னு சொல்ற மாதிரிதான். முதுகு நடுவுல பிடரிலேர்ந்து வால் வரைக்கும் கரி வச்சு இழுத்த மாதிரி ஒரு கோடு ஓடும், சிலதுக்கு கால்ல வரிக்குதிரை மாதிரி வரி இருக்கும். நெத்தில சின்னதா ஒரு பொட்டு வெள்ளை இருந்தா பரவால்ல, அதுக்கு மேல வெள்ளை இருந்தா முகம் சுளிப்பாங்க. உயரம் 148 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. இதையெல்லாம் வச்சிருக்கிறது ஹைலேண்ட் போனி சொசைட்டி, 1923ல ஆரம்பிச்சது, ரெண்டாம் எலிசபெத் ராணி அதுக்கு புரவலரா இருந்தவங்க. ஸ்காட்லாந்துல இருக்கிற அவங்க பால்மோரல் அரண்மனைல அவங்களே இந்த ஜாதிய வளர்த்தாங்க.

ஷோவுக்கு முன்னாடி பேப்பர் வேலை இருக்கு. இங்க குதிரைக்கு பாஸ்போர்ட் வேணும், நிஜமாவே. வண்டில ஏத்திட்டுப் போனா பாஸ்போர்ட்டும் கூட வரணும், ஃப்ளூ தடுப்பூசி போட்ட தேதிய எல்லாம் கேப்பாங்க. மோராக்கோட பாஸ்போர்ட்ட திறந்து பாத்ததும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. உள்ள குதிரைப் படம் ஒண்ணு கோட்டுல வரைஞ்சு வச்சிருக்கு, அதுல நெத்தில ஒரு பெருக்கல் குறி, கழுத்துல ரெண்டு. என்னன்னு கேட்டா, சுழி! எங்க அப்பாரு கூட சின்னப் புள்ளைல அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா குதிரைச் சந்தைக்குப் போவேன், அங்க ஆளுங்க குதிரையோட பல்லப் பாக்குறதுக்கு முன்னாடி சுழியத்தான் தேடுவாங்க, இந்தச் சுழி இருந்தா குடும்பத்துக்கு ஆகாது, அந்தச் சுழி இருந்தா ராஜயோகம்னு. இங்க டாக்டர் அதையே அடையாளத்துக்காகக் குறிச்சு வச்சிருக்காரு, அவ்ளோதான். பாட்டிகிட்ட ராஜயோகக் கதையச் சொன்னேன், "அப்போ மோராக்குக்கு எப்படி?"ன்னு ரொம்ப சீரியஸா கேட்டாங்க. எனக்குத் தெரியல, நல்ல சுழின்னு சொல்லி வச்சேன்.

ஓட்டப் பயிற்சி மூணு வாரம். சுலபம்னு நெனச்சேன். குதிரைக்கு முன்னாடி போய் கயித்த இழுத்தா அது நின்னுடும், நம்ம மாடு மாதிரியேதான். அதோட தோளுக்குப் பக்கத்துல, இடது பக்கம், கயித்த தொய்வா விட்டுட்டு, நேரா முன்னாடி பாத்துட்டே ஓடணும், திரும்பி அது மூஞ்சியப் பாத்தா காரியம் கெட்டுச்சு. திருப்பும்போது நம்ம பக்கமா இழுக்காம நம்மள விட்டு அந்தப் பக்கமா தள்ளித் திருப்பணும், நடுவர் பாக்க வேண்டியது குதிரைய, நம்மள இல்ல. நிறுத்தும்போது நாலு காலும் நடுவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி, அவர் பக்கத்துக் கால் ரெண்டும் கொஞ்சம் அகட்டி நிக்கணும். மோராக்குக்கு இதெல்லாம் அத்துப்படி, பயிற்சி முழுக்க எனக்குத்தான்.

இப்ப கத்திரிக்கோல் கதைக்கு வரேன். ஷோவுக்கு முந்தின நாள் பாட்டி வால மட்டும் அலசு, காலக் கழுவி மரத்தூள் போட்டு காய வை, உடம்ப பிரஷ் பண்ணா போதும்னு சொல்லிட்டு செக்கப்புக்கு ஹாஸ்பிடல் போயிட்டாங்க. இந்த ஜாதிக்கு குளம்புக்கு மேல பின்பக்கம் பட்டு மாதிரி முடி தொங்கும், ஃபெதர்னு சொல்வாங்க, கடைசில ஒரு குஞ்சம் மாதிரி முடியும். மோராக்குக்கு ஒரு கால்ல அது நீட்டமா, இன்னொரு கால்ல குட்டையா இருந்துச்சு. எனக்கு கை அரிச்சுது. கல்யாணத்துக்கு அனுப்புற புள்ளைக்கு தலை சீவி விடுற நெனப்புல, சமையலறைக் கத்திரிக்கோல எடுத்துட்டு வந்து நாலு காலையும் ஒரே அளவா வெட்டி, தாடைக்கு கீழ தொங்கின முடியையும் எடுத்து, அது பத்தாதுன்னு முழு உடம்புக்கும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி விட்டேன். பளபளன்னு இருந்துச்சு. ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

காலைல அஞ்சரைக்கு பாட்டி டார்ச்சோட வந்தாங்க. வெளிச்சத்த மோராக் கால்ல அடிச்சுப் பாத்தாங்க. ஒரு வார்த்தை பேசல. டார்ச்ச அணைச்சுட்டு "வண்டில ஏத்து"ன்னாங்க. வழி நெடுக ரேடியோதான் பேசுச்சு.

ரிங்குல மோராக்குக்கு வெள்ளை ஹால்டர், அதான் தலைக்கயிறு, நான் கடன் வாங்கின ட்வீட் கோட்டு, டை, தொப்பி, உள்ள வேர்வை. மிட்ஜ்னு ஒரு பூச்சி இங்க, கொசுவுல பத்துல ஒரு பங்கு சைஸ், கடிச்சா தோல் பத்தி எரியும், அது கண்ணுக்குள்ள போகுது, கைய விட முடியாது. முதல்ல எல்லாரும் வட்டமா நடந்தோம், அப்புறம் வரிசையா நிறுத்தி ஒண்ணொண்ணா கூப்பிட்டாங்க. நடுவர் அம்மா மோராக் கழுத்து மேல கைய வச்சு அமுக்கிப் பாத்தாங்க, விலா எலும்பத் தடவினாங்க, முழங்காலுக்கு கீழ எலும்ப விரலால புடிச்சுப் பாத்தாங்க, அது உருண்டையா இல்லாம தட்டையா, கெட்டியா இருக்கணும். குளம்பு அகலமா, கறுப்பா இருக்கான்னு குனிஞ்சாங்க. குனிஞ்சவங்க அங்கயே ஒரு நொடி நின்னாங்க. எனக்கு வயித்தக் கலக்குச்சு.

ஓட்டம் நல்லாத்தான் போச்சு, மோராக் நேரா ஓடினா, நான்தான் கொஞ்சம் மூச்சு வாங்கினேன். ரொசெட் குடுக்கும்போது அவங்க சொன்னாங்க: "நடை நல்லா இருக்கு, எலும்பு நல்லா இருக்கு. ஆனா நான் பாக்க வந்தது மலைலேர்ந்து இறங்கின குதிரைய, சலூன்லேர்ந்து வந்தத இல்ல." அப்புறம் அந்தக் குஞ்சத்தக் காட்டி, மழைல தண்ணி காலோட வழிஞ்சு குதிகால்ல தேங்காம அந்த முடி வழியா கீழ சொட்டிடும், அதுக்குத்தான் அது இருக்குன்னாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது. சேத்து நிலத்துல வருஷம் பூரா நிக்கிற மிருகத்துக்கு நான் வெட்டினது அழகு முடி இல்ல, தண்ணி வடியுற தாவாரம்.

மத்தியானம் ரிங்குல ரொசெட் எடுத்துக் குடுக்க ஆள் பத்தலன்னு என்ன நிறுத்திட்டாங்க. கத்துக்கிட்டது அங்கதான். நடுவர்கிட்ட நாமா பேசக்கூடாது, ஆனா காது சும்மா இருக்குமா. காயடிச்ச ஆண் குதிரைங்க க்ளாஸ்ல ஒண்ணு வந்துச்சு, உருண்டு திரண்டு, பிடரி கெட்டிப்பட்டு, முதுகுல வாய்க்கால் மாதிரி பள்ளம், சுத்தி நின்னவங்க எல்லாம் ஆஹான்னாங்க, நானும்தான். நடுவர் அத அஞ்சாவதுல போட்டாங்க. மெலிஞ்சு, விலா கைக்குத் தட்டுப்படுற ஒண்ண மேல ஏத்தினாங்க. பின்னாடி ஒருத்தர் முணுமுணுத்தது எனக்கே கேட்டுச்சு. ஆனா காரணம் இருக்கு. இந்த ஜாதி கட்டாந்தரைல, ஹெதர் செடிக்கு நடுவுல கிடைச்சத மேஞ்சு வாழ்றது, நல்ல புல்வெளில விட்டா ஊதிடும், ஊதினா லாமினைட்டிஸ் வரும், குளம்புக்குள்ள வீங்கி நிக்க முடியாம போகும். கொழுப்பப் பாத்து பரிசு குடுத்தா அடுத்த வருஷம் எல்லாரும் கொழுக்க வச்சுட்டு வருவாங்க. எல்லா நடுவரும் இப்படி கறாரா இருக்கறதில்லன்னு பாட்டி அப்புறம் சொன்னாங்க. எனக்கு அந்த அம்மா போட்ட வரிசைதான் சரின்னு படுது.

இந்தக் குதிரைங்க இன்னும் வேலை பாக்குது, அதையும் அங்கதான் கேட்டேன். மான் வேட்டை சீசன்ல, வண்டி போகாத மலைல சுட்ட மான முதுகுல ஏத்தி இறக்கறது இதுங்கதான். கலைமான்னா பெரிய சுமை, அதோட ரத்த வாடை வேற, அத சுமந்துட்டு சதுப்பு நிலத்துல கால் வச்சு வரணும். குட்டை முதுகு, ஆழமான நெஞ்சு, அமைதியான கண்ணுன்னு நடுவர் தேடினது இதுக்குத்தான். அமைதியான கண்ணுக்கு மார்க் போடுறாங்களேன்னு காலைல சிரிச்சவ நான்.

திரும்பி வரும்போது பாதி வழில பாட்டி ரேடியோவ நிறுத்தினாங்க. "1980ல நான் வால வெட்டினேன்"னாங்க. எவ்ளோன்னு கேட்டேன். கையால காட்டினாங்க, ஒரு முழம் இருக்கும்.

முடி ஓரளவு வளர்ந்துடுச்சு, மாசா மாசம் முதல் தேதி விரல் வச்சு அளக்கிறேன். இடது முன்னங்கால்தான் இன்னும் ரெண்டு விரக்கடை கம்மி. கத்திரிக்கோல பாட்டி வாங்கி அவங்க வீட்ல வச்சுக்கிட்டாங்க, வேணும்னா கேட்டு வாங்கிக்கணுமாம், எதுக்குன்னு சொல்லணுமாம்.