சோலாரில் வெல்டிங்: யூனிட்டை விடுங்கள், கேவிஏவைப் பாருங்கள்

கரண்ட் லைன் இல்லாத இடத்தில் சோலாரை வைத்து வெல்டிங் செய்வது பற்றிப் பேச்சு வந்தால், முதல் கேள்வியே "எத்தனை பேனல் வேண்டும்?" என்பதுதான். உண்மையில் பேனல் கடைசிக் கவலை. 2.5 மி.மீ. வெல்டிங் ராடு ஒன்று எரிந்து தீர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் பேட்டரியிலிருந்து போவது 40 வாட்-மணி சொச்சம். இருபது ராடு ஓட்டினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. 850 வாட் கிரைண்டரை அரை மணி நேரம் முழுச் சுமையில் அழுத்தினால் பத்து ராடுக்கான மின்சாரம் அதிலேயே போய்விடும்.

சிக்கல், ஆர்க் (ராடு முனைக்கும் இரும்புக்கும் இடையில் எரியும் மின்பொறி) எரியும் நொடிகளில் இருக்கிறது. 80 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் சுமார் 23. ஆக, ராடு முனையில் 1.85 கிலோவாட், மெஷினின் இழப்பையும் சேர்த்தால் 2.3 கிலோவாட். இதைப் பார்த்து 3 கேவிஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) இன்வெர்ட்டர் வாங்கினால் ராடைத் தட்டியதும் ட்ரிப் ஆகும். சாதாரண ஐஜிபிடி (இன்வெர்ட்டர் வகை) வெல்டிங் மெஷினின் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கேவிஏவில் உண்மையான கிலோவாட்டின் பங்கு, 0.65 வாக்கில்தான் நிற்கும். அப்போது கேட்பது 3.5 கேவிஏ. அதுவும் சீராக இழுக்காமல், அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 5 கேவிஏ சைன் வேவ் இன்வெர்ட்டர் இதைத் தாங்கும். பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சுற்று) உள்ள வெல்டிங் மெஷின் என்றால் அதே வேலைக்கு 2.4 கேவிஏ போதும். என்னைக் கேட்டால், பெரிய இன்வெர்ட்டருக்குக் கொடுக்கும் பணத்தை இந்த மெஷினில் போடுவேன். பழைய செம்புச் சுருள் டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைச் சோலார் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால், பேட்டரி பக்கம் 48 வோல்ட்டில் 52 ஆம்பியர் ஓடும். 24 வோல்ட்டில் 105. 12 வோல்ட்டில் 210, அதை மறந்துவிடலாம். 150 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் சமாளிக்கும். லித்தியம் பாஸ்பேட் என்றால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு) 100 ஆம்பியரைத் தொடர்ந்து விடுமா என்று பாருங்கள்.

பேட்டரி நிறைந்திருந்தும் 'லோ பேட்டரி' என்று இன்வெர்ட்டர் நின்றால், உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். ஆர்க் எரியும்போதே பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்டேஜ் அளக்கவும். வித்தியாசம் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் மெலிசு, அல்லது லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) சரியாக நசுக்கப்படவில்லை. 25 சதுர மி.மீ. செம்புக் கேபிளை முடிந்தவரை குட்டையாகப் போடுங்கள். பேட்டரியை ஒட்டியே டிசி ஃபியூஸ் இருக்கட்டும். ஏசி பிரேக்கர் டிசி தீப்பொறியை அணைக்காது.

6013 வகை ராடு, 70 ஆம்பியரில் தொடங்கலாம். ஹாட் ஸ்டார்ட்டைக் குறைத்து வையுங்கள். தட்டும் நொடியில் கரண்ட்டை ஏற்றி இன்வெர்ட்டரைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான். ஆர்க்கை நீட்டினால் வோல்டேஜ் ஏறும், சுமையும் கூடவே ஏறும். வெயில் நன்றாக இருக்கும் நடுப்பகலில் செய்தால் சுமையில் ஒரு பங்கைப் பேனலே ஏற்கும்.

பேனல் ஸ்டாண்டிலேயே வெல்டிங் என்றால் பேனல் ஒயர்களையும் கன்ட்ரோலரையும் முதலில் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வேறு வழி தேடும்.

மூன்று 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து நேரடியாக ராடு ஓட்டும் முறையும் உண்டு. ஆர்க் பிடிக்கும், ஆனால் ஆம்பியரைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை, மெலிசுத் தகடு ஓட்டையாகும். அவசரத்துக்குச் செய்வதானால் வீட்டுப் பேட்டரியைத் தொடாமல் தனி பேட்டரிகளை எடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும் என்பதால், பொறி எட்டாத தூரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது வேண்டவே வேண்டாம்.