இன்ட்64_டி-யை அச்சிடுவது: நாட்குறிப்பு

மார்ச் 4

64-பிட் லினக்ஸில் சத்தமில்லாமல் கம்பைல் ஆன சி மொழி நிரல், விண்டோஸில் வரிக்கு வரி எச்சரிக்கை தருகிறது. காரணம் ஒன்றே: 64-பிட் முழு எண்ணான இன்ட்64_டி மாறிக்கு, அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்-இல் லாங் டைப்புக்கான "%எல்டி" குறியீட்டைப் போட்டிருப்பது. 64-பிட் லினக்ஸில் இன்ட்64_டி என்பது லாங். விண்டோஸில் லாங் இன்றும் 32 பிட்தான். அங்கே இன்ட்64_டி என்றால் லாங் லாங். மேக்ஓஎஸ் இன்னும் வேடிக்கை. லாங் 64 பிட்டாக இருந்தும் இன்ட்64_டி-க்கு லாங் லாங்கைத்தான் எடுத்திருக்கிறார்கள். அளவு ஒன்றானாலும் கம்பைலருக்கு இரண்டும் வேறு டைப். லாங் லாங்குக்கான "%எல்எல்டி" என்று மாற்றினால் எச்சரிக்கை லினக்ஸ் பக்கம் குடிபெயரும், அவ்வளவுதான்.

மார்ச் 5

1999-இன் சி தரமான சி99 தந்த வழி, இன்ட்டைப்ஸ்.எச் என்ற ஹெடர் கோப்பு. அதிலுள்ள பிஆர்ஐடி64 ஒரு மேக்ரோ, அதாவது கம்பைலுக்கு முன் வேறு எழுத்துகளாக மாறும் பெயர். அந்தந்தத் தளத்துக்கு ஏற்ப "எல்டி" அல்லது "எல்எல்டி" என்ற சரமாக விரியும். அடுத்தடுத்து நிற்கும் சரங்களை கம்பைலரே ஒட்டிவிடும்.

பிரிண்ட்எஃப்("மீதி: %" பிஆர்ஐடி64 "\என்", மீதி);

% குறி மேக்ரோவுக்குள் இல்லை, நாம்தான் போட வேண்டும். மறந்தால் எண்ணுக்குப் பதில் "எல்டி" என்ற எழுத்துகளே திரையில் வரும். அகலமும் நிரப்பு பூஜ்ஜியமும் மேக்ரோவுக்கு முன்னால்: "%016" பிஆர்ஐஎக்ஸ்64 (எக்ஸ் என்றால் ஹெக்ஸ், 16-அடிமான எண்முறை). சி++11 முதல் மேற்கோள் குறிக்கும் மேக்ரோவுக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். ஒட்டி எழுதினால் அதைச் சரத்தின் பின்னொட்டாகக் கம்பைலர் படித்துவிடும். பார்க்க அழகாக இல்லைதான். வேலை செய்கிறது.

மார்ச் 6

தப்பான குறியீட்டால் உண்மையில் என்ன கெடுகிறது? 32-பிட் எக்ஸ்86 செயலிகளில் ஆர்குமென்ட்கள் (ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகள்) ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வரிசையாக நிற்கும். 64-பிட் எண்ணுக்கு, இன்ட்-க்கான "%டி" போட்டால் பிரிண்ட்எஃப் 4 பைட்டை மட்டும் எடுக்கும். மிச்ச 4 பைட் அடுத்த குறியீட்டின் தலையில் விழும். அடுத்தது சரத்துக்கான "%எஸ்" என்றால் எண்ணின் மேல்பாதியை முகவரி என்று நம்பிப் படிக்கப் போகும். நிரல் அங்கேயே விழலாம். 64-பிட் எக்ஸ்86-இல் ஒவ்வொரு எண்ணும் செயலியின் தனி ரெஜிஸ்டரிலோ ஸ்டாக்கில் தனி 8 பைட் இடத்திலோ போவதால் சின்ன மதிப்புகள் சரியாகவே தெரியும். சோதனையில் பிடிபடாமல் தப்புவது இப்படித்தான்.

ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் எச்சரிக்கைகளை இயக்கும் -வால் விருப்பத்தைக் கொடுத்தால் இந்தப் பிழை பிடிபடும். ஆனால் பிரிண்ட்எஃப்-ஐச் சுற்றி சொந்த லாக் ஃபங்ஷன் எழுதியிருந்தால் அதற்கு ஃபார்மட் ஆட்ரிபியூட் (பிரிண்ட்எஃப் போலவே சரிபார் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) சேர்க்க வேண்டும். இல்லையேல் அந்த அழைப்புகளை கம்பைலர் கண்டுகொள்ளாது.

மார்ச் 9

8-பிட் எண்கள். அச்சிடும்போது இன்ட்8_டி இன்ட்டாக உயர்ந்துவிடுவதால் "%டி" போதும். ஹெக்ஸில் மட்டும் கவனம்: பிஆர்ஐஎக்ஸ்8 சில நூலகங்களில் வெறும் "எக்ஸ்" என்றே விரிகிறது, அங்கே -1 எட்டு எஃப்-களாக வரும். குறியற்ற டைப்பான யுஇன்ட்8_டி-க்கு காஸ்ட் (டைப் மாற்றம்) செய்து கொடுத்தால் இரண்டு எஃப்-தான்.

உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப்-இல் இன்ட்டாக உயரும் இந்தச் சலுகை கிடையாது. ஒரு பைட் மாறியின் முகவரியைக் கொடுத்து "%டி" போட்டால் 4 பைட் எழுதி, பக்கத்து மாறிகளை நாசமாக்கும். எஸ்சிஎன்டி8 போன்ற எஸ்சிஎன் மேக்ரோக்கள் இதற்காகத்தான். பிஆர்ஐ மேக்ரோவை ஸ்கேன்எஃப்-இல் போடவே கூடாது.

மார்ச் 10

கம்பைலர் திருப்தியானாலும் நூலகம் கைவிடலாம். மைக்ரோகன்ட்ரோலர்களில் பரவலான சிறிய சி நூலகமான நியூலிப்-நானோ, 64-பிட் குறியீடுகளை அச்சிடாது. முழு நியூலிப்புக்கு மாறுங்கள், அல்லது எண்ணை இரண்டு 32-பிட் பாதிகளாக ஹெக்ஸில் அச்சிடுங்கள்.

மார்ச் 12

மொழிபெயர்ப்புக்குப் போகும் செய்திகளில் சரம் துண்டாகக் கூடாது என்றால், மிகப்பெரிய முழு எண் டைப்பான இன்ட்மேக்ஸ்_டி-க்கு காஸ்ட் செய்து "%ஜேடி" போடலாம். அளவுகளுக்கான சைஸ்_டி டைப்புக்கு எந்த மேக்ரோவும் வேண்டாம், "%இசட்யு" இருக்கிறது. சி23-இல் "%டபிள்யூ64டி" என்று அகலத்தையே நேராக எழுதலாம், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.38 அதை ஏற்கிறது. பழைய நூலகத்திலும் ஓட வேண்டிய நிரலுக்கு பிஆர்ஐடி64-தான்.