வலதுபக்கம் ஒடித்தால் இடதுபக்கம் போகும் பெட்டி

பிரிஸ்டல் பக்கம் எம்5 நெடுஞ்சாலையில் ஏவன்மவுத் பாலம் என்று ஒன்று இருக்கிறது. அதன்மேல் பக்கக் காற்று அடிக்கும்போது எங்கள் கேம்பர் வேன் எந்தத் தடத்தில் போகவேண்டும் என்பதை வேனே முடிவு செய்துகொள்ளும். போன கோடையில் கார்ன்வால் போகும் வழியில் பக்கத்துத் தடத்து லாரியை நோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது. நான் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைந்துகொண்டிருக்க, மனைவி கேட்டாள்: "ஏங்க, ஓட்டுறீங்களா, இல்ல சும்மா பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்களா?"

வண்டி 1971 ஃபோக்ஸ்வாகன், பே விண்டோ என்று சொல்லும் வளைந்த முன்கண்ணாடி ரகம். 1967 ஆகஸ்டில் வந்த இந்த ரகத்தின் ஆரம்பகால வடிவம், அதாவது இண்டிகேட்டர் கீழே பம்பருக்குப் பக்கத்தில் இருப்பது. இன்ஜின் பின்னால், ஓட்டுபவர் முன் ஆக்சிலுக்கு மேலேயே, முகமோ சுவர் மாதிரி. காற்றுக்கு ஆடத்தான் செய்யும். ஆனால் காற்றின்மேல் மட்டும் பழி போட முடியவில்லை. ஸ்டியரிங்கை நான்கு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையாமல் நிற்கும். இங்கிலாந்தில் வண்டி ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் எம்ஓடி சோதனையில் 380 மி.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்குக்கு, ரேக் (பல் வெட்டிய தண்டு) இருக்கும் வண்டி என்றால் 13 மி.மீ. ஆட்டம் வரை விடுவார்கள், என்னுடையது மாதிரி ஸ்டியரிங் பெட்டி, அதாவது ஸ்டியரிங் பாக்ஸ், இருக்கும் வண்டி என்றால் 75 மி.மீ. வரை. என்னுடையது 60 சொச்சம். விதிப்படி பாஸ்தான். அந்த 75-ஐ எழுதியவரை ஒருநாள் அந்தப் பாலத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்ட ஆசை.

ஆட்டம் என்றதும் எல்லாரும் ஸ்டியரிங் பாக்ஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் இந்த வேனில் ஸ்டியரிங் தண்டு கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கிப் பெட்டிக்குள் போகும், பெட்டியின் கை ஒரு தண்டைத் தள்ளும், அந்தத் தண்டு ஆக்சில் நடுவில் இருக்கும் ஸ்விங் லீவரை ஆட்டும், அதிலிருந்து இரண்டு டை ராடு பிரிந்து இரண்டு சக்கரத்துக்கும் போகும். இத்தனை மூட்டு இருக்கும்போது ஆட்டம் எங்கே இருக்கிறது என்று மேலே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. சக்கரம் நான்கும் தரையில் இருக்க, மகனை மேலே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்கச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்துப் பார்த்தேன். ஸ்விங் லீவர் திரும்புவதற்கு முன்னால் தன் முளையில் மேலும் கீழும் ஒரு குலுக்கு குலுங்கிவிட்டுத்தான் திரும்பியது. முளையையும் அதைச் சுற்றியிருக்கும் உறையான புஷ்ஷையும் மாற்றினேன், ஆட்டத்தில் பாதி போய்விட்டது. பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் பாதி அப்படியே இருந்திருக்கும்.

மிச்சம் பெட்டியில்தான். மேலே ஆட்டத்தைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூவும், அது நகராமல் பிடிக்க லாக் நட்டும் இருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் அதில் கைவைத்திருக்கிறார்கள் என்பது அதன் தலையைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே ஸ்டியரிங் தண்டோடு சுற்றும் மரை எப்போதும் நடுவில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும்தான் அந்த ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். திருப்பிய நிலையில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, அதையும் போக்கிவிடலாம் என்று இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். என் பெட்டியில் கொஞ்சம் இறுக்கினால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, தளர்த்தினால் பழைய ஆட்டம். நடுவில் எந்த நிலையும் இல்லை. ஆயுள் முடிந்த பெட்டி.

1972 மாடல் வரை இந்த வேனின் பெட்டிக்குள் மரைப் பள்ளத்தில் ஒரு முளை மாட்டிக்கொண்டு நகரும் ரகம். 1973 மாடலிலிருந்து முளைக்குப் பதில் உருளை. உருளை சுழன்றுகொண்டே போவதால் உரசல் குறைவு. சரி, புதிய ரகத்தையே மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் கூத்து.

இணையத்தில் ஒருவரிடம் 'பே விண்டோவுக்கு' என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்தது, கனமான இரும்பு, பார்க்க அச்சு அசல் அப்படியே. நல்லவேளை, மாட்டுவதற்கு முன்னால் பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டின் தண்டையும் கடிகாரச் சுற்றாகத் திருப்பிப் பார்த்தேன். பழையதன் கை ஒரு பக்கம் போனது, புதியதன் கை எதிர்ப்பக்கம் போனது.

இடது ஸ்டியரிங் வண்டியின் பெட்டி அது. வலது ஸ்டியரிங் வண்டி அதன் கண்ணாடிப் பிம்பம், ஆனால் ஓட்டுபவரின் கை பிம்பமாக மாறுவதில்லையே. வலதுபக்கம் ஒடித்தால் வலதுபக்கம்தானே போகவேண்டும்? அதனால் பெட்டிக்குள் மரை எதிர்த்திசையில் சுற்றியிருக்கும். அதை என் வண்டியில் எப்படியோ திணித்து மாட்டியிருந்தால் வலதுபக்கம் ஒடிக்கும்போது வண்டி இடதுபக்கம் போயிருக்கும். வாசலிலேயே தெரிந்துவிடும்தான், ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டு வேலி போயிருக்கும். பிரேசிலில் இந்த வேனை 2013 வரை செய்தார்கள், எல்லாம் இடது ஸ்டியரிங். அதனால் சந்தையில் அந்தப் பக்கத்துச் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது, நம் பக்கத்துக்குத்தான் தேட வேண்டியிருக்கிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்தார், தபால் செலவு என் தலையில்.

இரண்டாவது பெட்டி, துரு தின்று கழித்துக்கட்டிய ஒரு 1976 வலது ஸ்டியரிங் வேனிலிருந்து வந்தது. இந்த முறை பெட்டியோடு அதன் கையையும், மேல் தண்டில் சேரும் இணைப்புத் தட்டையும் சேர்த்தே கேட்டு வாங்கினேன். பழைய கையின் பற்கள் புதிய தண்டில் உட்காருமா உட்காராதா என்ற ஆராய்ச்சி மிச்சம். போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், கையின் நீளம், நுனித் துளையின் சரிவு, கோடியிலிருந்து கோடிவரை எத்தனை சுற்று, எல்லாவற்றையும் மேசையிலேயே அளந்த பிறகுதான் வண்டிக்கு அடியில் போனேன். நீங்கள் செய்தால் உங்கள் வண்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள், ஐம்பது வருட வண்டியில் யார் எதை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. கழற்றுவதுதான். கையையும் தண்டையும் சேர்க்கும் பழைய பால் ஜாயிண்ட் ஒரு மாலை முழுக்க வாங்கிக்கொண்டது, கடைசியில் அது உட்கார்ந்திருந்த துளையின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்ததும் 'டக்' என்று விட்டது. பெட்டியை நடுவில் வைத்துத்தான் இணைக்க வேண்டும்: கோடிக்குக் கோடி சுற்றை எண்ணிப் பாதியில் நிறுத்தி, சக்கரமும் நேர், ஸ்டியரிங்கும் நேர் என்று பார்த்துவிட்டு. கழற்றிய நட்டுகளை மறுபடி போடவில்லை, எல்லாம் புதிது. ஸ்டியரிங்கில் சிக்கனம் பார்க்கிற ஆள் நான் இல்லை.

நண்பர் ஒருவர் பயமுறுத்தினார்: நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி விலக்கு இருக்கிறதே, ஸ்டியரிங் முறையை மாற்றினால் அது போய்விடாதா என்று. விதியைப் படித்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் வகையை மாற்றுவதைப் பெரிய மாற்றம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பாதுகாப்பைக் கூட்டுவதற்காகச் செய்வதையும், அந்த ரக வண்டி தயாரிப்பில் இருந்த காலத்திலேயே செய்துவந்த மாற்றத்தையும் அப்படிக் கணக்கில் எடுப்பதில்லை. விலக்கு இருந்தாலும் நான் வருடாவருடம் சோதனைக்குக் கொண்டுபோகிறேன், வேறு ஒரு ஜோடிக் கண் பார்க்கட்டும் என்று.

டிராக்கிங்கை, அதாவது முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்பதை, சரிபார்த்த கையோடு ஓட்டிப் பார்த்தேன். இப்போது ஒரு விரல் ஆட்டம் இருக்குமா, அவ்வளவுதான். வளைவில் கையை விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறது, அதைப் பார்க்கவே இரண்டு முறை ரவுண்டானாவைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் ஒருவர் குறுக்கே வந்தார், ஹாரனை அழுத்தினேன், சத்தமே இல்லை. ஸ்டியரிங் தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ரப்பர் தட்டு உண்டு, அதைத் தாண்டி ஒரு சின்ன எர்த் ஒயர் போகும், அது வழியாகத்தான் ஹாரனுக்குச் சுற்று முழுமையாகும். அந்த ஒயர் வீட்டில் மேசைமேல், பழைய பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.