பாய் நனைந்த இரவுகள்

யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் 14 வருடமாகக் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதுகிறேன். இப்போது எல்லாம் கணினியில்தான். நான் சேர்ந்த காலத்தில் கையாலும் எழுதினோம். காணியின் நான்கு எல்லை, பரப்பு, குழி, முந்தைய உறுதியின் இலக்கம் என்று ஓர் எழுத்தும் பிசகக்கூடாத வேலை. அந்த வேலைக்கு வந்த எனக்கோ, உள்ளங்கை எந்நேரமும் ஈரம்.

ஏழாம் வகுப்பில் தொடங்கியது. சோதனைத் தாள் நனைந்து பேனை மை ஊறும். உடம்புச்சூடு என்று சொல்லி அம்மா சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்து முழுகவைத்தார், வெந்தயத் தண்ணீர் தந்தார். அப்பாவின் கையும் இதே கைதான். மண்வெட்டி வழுக்காமலிருக்க ஒரு பிடி மண்ணைத் தேய்த்துவிட்டுத்தான் கொத்தத் தொடங்குவார். அதனால் இது எங்கள் குடும்பத்துக் கை என்று விட்டுவிட்டோம். யாரும் வைத்தியரிடம் காட்டவில்லை.

வேலையில் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, மடித்து மணிக்கட்டுக்குக் கீழே வைத்துக்கொள்வேன். ஒருமுறை அது கைகொடுக்கவில்லை. இரண்டு கிழமை லீவில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கையெழுத்து வைத்த பக்கத்தில் என் உள்ளங்கை பட்டு மை கலைந்துவிட்டது. அவரையும் சாட்சிகளையும் திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டியிருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் வாங்கிய ஏச்சை விட, அந்த மனிதர் என் கையைப் பார்த்த பார்வைதான் கனகாலம் மனதில் நின்றது. அதன்பிறகு யார் கை நீட்டினாலும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இதையெல்லாம் சொல்வது அண்ணையைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். எங்கள் அலுவலகத்தைக் காலையில் திறப்பவர் அவர். பெரும்பாலான உறுதிகளில் சாட்சிக் கையெழுத்தும் அவருடையதுதான். சில வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் கொளுத்தும் காண்டாவன நாட்களில் ஒரு காலை, முகம் வாடி வந்தார்.

"தம்பி, ராத்திரி பாய் நனைஞ்சு போச்சு. ரெண்டு தரம் பெனியன் மாத்தினனான்" என்றார்.

"காண்டாவனம்தானே அண்ணை, ஆருக்குத்தான் வேர்க்கேல்லை? என்ரை கையைப் பாருங்கோ" என்றேன்.

அவரைத் தேற்றத்தான் சொன்னேன். வேர்வையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பும் இருந்தது. அவரும் நம்பிவிட்டார்.

காண்டாவனம் கழிந்தது. சோளகக் காற்று பிடித்து வீசியது, இரவுகள் ஆறின. அண்ணையின் பாய் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. இடுப்புப் பட்டிக்குப் புதிதாக ஒரு துளை போட்டார். இருமலும் கூடியது. அவருடைய மகள் அழாக்குறையாகச் சொன்ன பிறகுதான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போனேன்.

வைத்தியர் கேட்டவை சில கேள்விகள்தான். இருமல் இரண்டு கிழமைக்கு மேலா? நித்திரையில் உடுப்பு மாற்றுகிற அளவுக்கு வேர்க்கிறதா? நிறை குறைந்ததா? பின்னேரங்களில் காய்ச்சல் குணம் உண்டா? எல்லாவற்றுக்கும் ஆம். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். காசநோய்.

வைத்தியரிடம் துண்டுச்சீட்டை வாங்க நான் கை நீட்டியபோது என் ஈரக் கை அவரது விரலில் ஒட்டியது. என் கையைத் திருப்பிப் பார்த்து என்னிடமும் விசாரித்தார். எந்த வயதில் தொடங்கியது? இரண்டு கையும் ஒரே அளவா? வீட்டில் வேறு யாருக்கும் உண்டா? நித்திரையில் வேர்க்குமா? அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் யோசிக்கவேண்டியிருந்தது. இல்லை, நித்திரையில் என் கை காய்ந்துதான் இருக்கும்.

அதுதான் வித்தியாசம் என்றார். உடம்பில் 20 இலட்சத்துக்கு மேல் வேர்வைச் சுரப்பிகள் உண்டு, உள்ளங்கையில் அவை நெருக்கம். அவற்றை இயக்கும் நரம்புகள் என் போன்றவர்களுக்குத் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. நித்திரையில் அவை அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அன்றாட வேலையைக் கெடுத்தால் அதுவே வைத்தியரிடம் காட்டப் போதுமான காரணம். அலுமினியம் குளோரைட் கலந்த பூச்சு மருந்து எழுதினார். இரவில் நன்றாகத் துடைத்த கையில் பூசி, காலையில் கழுவவேண்டும். முதல் கிழமை எரிச்சல் இருந்தது, நாள் விட்டு நாள் பூசச் சொன்னார். கை முழுதாகக் காயவில்லை, ஆனாலும் லேஞ்சி மேசை லாச்சிக்குள் போய்விட்டது. இது சரிவராவிட்டால் தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவது, போட்டுலினம் ஊசி, குளிசை என்று வேறு வழிகளும் இருக்கின்றனவாம். 20 வருடம் வெட்கப்பட்டு ஒளித்த கைக்கு இத்தனை மருந்து இருந்திருக்கிறது.

எல்லா வேர்வையும் ஒன்றல்ல என்பதை அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் சாப்பாடு பிந்தி, நடுங்கி வேர்த்தால் சீனி இறங்கியிருக்கலாம், உடனே இனிப்பு கொடுக்கவேண்டும். தைரொயிட் கூடினாலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும், சில மருந்துகளாலும் வேர்க்கும். நெஞ்சு இறுகிக் குளிர்ந்து வேர்த்தால் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, இலங்கையில் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கவேண்டும்.

அண்ணைக்கு 6 மாத மருந்து. அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். அலுவலகத்தில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள், ஒருவருக்கும் இல்லை. தொடங்கிய கிழமையிலேயே அவர் பயந்துபோய் எனக்கு ஃபோன் எடுத்தார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, பெனியனிலும் அந்த நிறம் பட்டிருக்கிறது என்றார். இந்தமுறை நானாக ஒன்றும் சொல்லவில்லை. கிளினிக்கில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ரிஃபாம்பிசின் குளிசை அப்படித்தான் நிறம் காட்டும், பயப்படவேண்டாம், மருந்தை நிறுத்தவேண்டாம் என்றார்கள்.

இரண்டு மாதத்தில் உடம்பு தேறி வேலைக்கு வந்தார். சென்ற கிழமை பழைய மூலப்பிரதிகளைப் புரட்டவேண்டியிருந்தது. அந்த வருடத்துக் கட்டுக்குள் அவருடைய சாய்ந்த கையெழுத்து நின்றுபோய் சாட்சி இடத்தில் வேறொருவர் பெயர் தொடங்குகிறது. ஒவ்வொரு தாளாகத் தள்ளி, அது திரும்ப வருகிற உறுதி வரைக்கும் போனேன். அதை எழுதியதும் நான்தான்.